ஆர்.சி. என் பேரில், லைசன்ஸ் யார் பேரில்?

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். அன்றைக்கு ஓடத் தொடங்கிய கால் இன்னும் நிற்கவில்லை. லாரியில் கிளீனராக ஏறினேன். டிரைவரானேன். பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதை இரண்டாக்கி, நாலாக்கி, இன்றைக்குச் சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் என் ஷெட்டில் நாற்பத்திரண்டு கேஸ் டேங்கர்கள் நிற்கின்றன. யாரும் தூக்கிவிடவில்லை. பெருமை பேசுகிறான் என்பார்கள். பேசத்தான் செய்கிறேன். நானே சம்பாதித்த பெருமை, நான் பேசாமல் யார் பேசுவது?

இன்னொரு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து மங்களூர் வரைக்கும் ரோட்டோரத்தில் எந்த டயர் கடையானாலும், எந்த வெல்டிங் பட்டறையானாலும், என் ஆட்கள் போய் “முதலாளி சொன்னாருங்க” என்றால் போதும். சீட்டு வேண்டாம், கையெழுத்து வேண்டாம், வேலை நடக்கும். வந்தவன் யார், நிஜமாகவே நான் சொன்னேனா என்று எவரும் கேட்பதில்லை. நாற்பது வருஷம் நாணயமாக ஓட்டிச் சேர்த்த பேர் அது. அந்தப் பேர்தான் போன வருஷம் ஒரு வாரம் என்னை நாய் போல அலைய வைத்தது.

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு வருஷம் இருக்கும். எங்களுக்குக் கேஸ் லோடு கொடுக்கிற பெரிய கம்பெனி, வண்டிகளின் பதிவெல்லாம் டேட்டாபேஸில் இருக்க வேண்டும், நாங்கள் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சின்னதாக ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பெண் பொறியாளர் வந்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். ஏற்பாடு இதுதான். ஆபீசில் நான்கு பேர் நான்கு கம்ப்யூட்டரில் தட்டுவார்கள். தட்டியதை நடுவில் ஒரு சர்வர் வாங்கிக்கொண்டு போய் டேட்டாபேஸில் இறக்கிவிட்டு வரும். நம் ஆட்கள் யாரும் நேராக டேட்டாபேஸுக்குப் போவதில்லை. அந்தச் சர்வரும் ஒரு லாரிதான் என்று நான் புரிந்துகொண்டேன்.

அந்தச் சர்வர் டேட்டாபேஸின் வாசலில் போய் நிற்கும்போது யார் பேரைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே அந்தப் பெண் கேட்டார். தட்டுகிற ஒவ்வொருவர் பேரையும் தனித்தனியாகச் சொல்லும்படி வைக்கவா, அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே பேரா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அம்மிணி, இந்த ஷெட்டுல ஒரே பேருதான். நாய்க்குச் சோறு வெச்சாக்கூட என்ற பேர்லதான் வெக்கறாங்க.”

அவர் விடவில்லை. பின்னால் ஒரு நாள் இதை எழுதியது யார் என்று கேள்வி வந்தால் பதில் இருக்காது என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் பிடித்த பிடியில் நின்றேன். அவர் ஒரு தாளில் ஏதோ அடித்துக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டார். படிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டேன். லாரி முகப்பில் பேர் எழுதுகிற பெயிண்டரிடம் கற்றுக்கொண்ட கையெழுத்து அது, வாலெல்லாம் வைத்து அழகாக இருக்கும்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் சித்திரையில், எங்கள் டேங்கர் ஒன்று லோடோடு கேரளத்துப் பக்கம் ஒரு கேஸ் பிளான்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்டில் சோதனை செய்தார்கள். டேங்கரின் அடியில் அவசர வால்வு ஒன்று உண்டு. ஏதாவது ஆபத்து என்றால் தள்ளி நின்றே ஒரு கேபிளை இழுப்பார்கள், வால்வு மூடிக்கொள்ளும். அன்றைக்குக் கேபிளை இழுத்தார்கள், வால்வு மூடவில்லை. கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாகக் கேஸை இறக்கிவிட்டார்கள். ஆனால் கேஸ் வண்டியில் ஒன்றும் ஆகவில்லை என்பது எவ்வளவு பெரிய வார்த்தை என்று ஓட்டினவனுக்குத் தெரியும். அந்த வண்டியின் டிரைவருக்குக் கைக்குழந்தை உண்டு.

லோடு ஏற்றப் போகுமுன் அந்தக் கேபிளை எங்கள் ஷெட்டில் இழுத்துப் பார்த்து, சரி என்று கம்ப்யூட்டரில் டிக் போட வேண்டும். டிக் இருந்தால்தான் கம்பெனியில் லோடு கொடுப்பார்கள். பார்க்க வேண்டியவர் என் ஃபிட்டர். என்னோடு இருபத்திரண்டு வருஷமாக இருப்பவர். அவரோ அன்றைக்கு ஊரிலேயே இல்லை, சேந்தமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். ஆனால் டிக் இருக்கிறது.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். சின்ன வயசு, மெல்லிய குரல். மோர் கொடுத்தோம், குடிக்கவில்லை. டிக் போட்டது யார் என்று மட்டும் கேட்டார். நான் சேலத்துப் பொறியாளருக்குப் போன் போட்டுப் பதிவைத் திறக்கச் சொன்னேன். திரையில் வரிசையாக வந்தது. அந்த டிக்குக்கு நேரே என் பேர். மேலே பார்த்தால் என் பேர், கீழே பார்த்தால் என் பேர். அதிகாரி விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, இந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றார். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாள் அது.

“கண்ணக் கட்டிக்கிட்டே அறுபது பதிவு போட்டிருக்கீங்க, சார்” என்றார்.

அவர் சிரிக்கவில்லை. ஷெட்டில் யாருமே சிரிக்கவில்லை.

ஒரு வாரம் தவணை கொடுத்தார். டிக் போட்ட ஆள் யார், அவர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் நாற்பத்திரண்டு வண்டிக்கும் லோடு கிடையாது. போகிற போக்கில், காரில் ஏறும்போது, ஆபீஸில் தட்டுகிற யாரோ ஒருவர்தானே, அவர் பேரை எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று எனக்கு நல்லது சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

தட்டுகிற நான்கு பேரில் மூன்று பேர், டிக் விழுந்த அன்று காலை ஷிஃப்டில் இல்லை. மிச்சம் ஒருத்தி. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். பதினோரு வருஷமாக எங்களிடம் வேலை செய்கிறாள். அவள் பேச்சில் எங்கள் ஊர் ‘ங்க’ கம்மி, அதை வைத்து டிரைவர்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள். அவளும் திருப்பிக் கொடுப்பாள். புருஷனுக்கு உடம்பு சரியில்லை, இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். இந்தச் சம்பளம் இல்லையென்றால் என்ன செய்வாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஃபிட்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “அந்தப் புள்ளதான் போட்டிருக்கோணும், முதலாளி. வேற ஆரு? நான் ஊர்லயே இல்லீங்க.”

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ போட்டாயா? அவள் என் முகத்தைப் பார்த்தாள், கீபோர்டைப் பார்த்தாள், எனக்குத் தெரியல ஐயா என்றாள். எனக்குக் கோபம் வந்தது. போட்டேன் என்றாலும் சரி, போடவில்லை என்றாலும் சரி, ஒன்றைச் சொல்ல வேண்டியதுதானே.

அந்த வாரம் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பேன். டயரை உதைப்பேன். ஆபீஸ் வாசல் வரை போய் உள்ளே போகாமல் திரும்புவேன். ஒரு மனசு, பேரை எழுதிக் கொடுத்துவிடு, நாற்பத்திரண்டு டிரைவர் குடும்பம் பெரிதா, ஒருத்தி பெரிதா என்றது. இன்னொரு மனசு, தெரியாமல் எப்படி எழுதுவாய் என்றது. தாங்க முடியாமல் காரை எடுத்துக்கொண்டு நேராக ஃபேர்லேண்ட்ஸுக்குப் போனேன்.

பொறியாளரிடம் சத்தம்தான் போட்டேன். இவ்வளவு பெரிய டேட்டாபேஸ், ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். சர்வர் ஒவ்வொரு தடவையும் உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனது. அதனால் டேட்டாபேஸுக்கு உங்களைத் தவிர வேறு யாரையும் தெரியாது. அதனிடம் இல்லாத பேரை எங்கிருந்து எடுப்பது?

“இனிமே வர்றதுக்குப் பேரு வெச்சுக் குடுக்கறேனுங்க. முடிஞ்சு போனதுக்கு என்னால மட்டுமில்ல, ஆராலயும் முடியாதுங்க.”

பிறகு மேஜையைத் திறந்து, எல்லாம் ஒரே பேரில் போதும் என்று நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை எடுத்து வைத்தார். என் கையெழுத்தின் வால் அப்படியே அழகாக இருந்தது.

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. படிக்காதவன்தான், ஆனால் ரோடு தெரிந்தவன். நானே சொன்னேன்: செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினால் இரண்டு கேட்பான். ஆர்.சி. கேட்பான், அது வண்டி யாருடையது என்பதற்கு. லைசன்ஸ் கேட்பான், அது ஓட்டி வந்தவன் யார் என்பதற்கு. நாற்பத்திரண்டு வண்டிக்கும் ஆர்.சி. என் பேரில்தான். அதற்காக நாற்பத்திரண்டையும் நானா ஓட்டுகிறேன்? இத்தனை நாளும் உங்கள் டேட்டாபேஸ் ஆர்.சி.யை மட்டும் பார்த்துக் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறது, லைசன்ஸ் கேட்கவே இல்லை. இதைச் சொன்னதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதைவிடத் தெளிவாகத் தன்னால் சொல்ல முடியாது என்றார். அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கையில் இருந்த சிக்கல் அப்படியே இருந்தது.

ஆறாம் நாள் காலை. கம்பங்கூழை நின்றுகொண்டே குடித்துவிட்டு, வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. என்ன நாள், என்ன டிக் என்று கேட்டாள். வண்டி லோடுக்குப் போன நாளைச் சொன்னேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

“ஏனுங்க, அன்னிக்கு நாம நாமக்கல்ல கல்யாணத்துல அல்லோ இருந்தோம்? பந்தியில உக்காந்துக்கிட்டுப் போன்ல கத்துனீங்களே.”

என்ன கத்தினேன் என்று கேட்டேன்.

“நான் சொல்றேன், போட்டு உடு, வண்டி நிக்கக் கூடாதுன்னு. மண்டபத்துக்கே கேட்டுச்சுங்க. பக்கத்து எலையில இருந்த பெரியவரு, பாயசத்தப் போட்டு உடச் சொல்றீங்களான்னு கேட்டாருங்களே.”

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தேன். பாயசம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெரியவரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. போனில் எந்தக் குரல் என்பது மட்டும் வரவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ‘போட்டு விடு’ என்கிறவன் நான். மறுமுனையில் யார் என்று என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? ஆபீஸ் நம்பர், அவ்வளவுதான்.

ஷெட்டுக்குப் போனேன். ஆபீசில் அவள் மேஜை துடைத்து வைத்திருந்தது. டிராயரில் இருந்த சாமி படம், சீப்பு, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் எடுத்து வைத்திருந்தாள். மேலே நான்காக மடித்த ஒரு தாள். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

கல்யாண மண்டபத்துப் போனைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தது நீயா என்று கேட்டேன்.

“நான்தான், ஐயா.”

“அப்பறம் ஏன் தெரியலைன்ன?”

அவள் பையின் காதைத் திருகிக்கொண்டே சொன்னாள். “எப்படிச் சொல்றது? ஃபிட்டர் பாக்கல, கேபிளை இன்னும் இழுக்கலன்னு நான் சொன்னேன். போட்டு விடுன்னீங்க, போட்டேன். இதை அந்த ஆபீசர்கிட்ட சொன்னா யார் நம்புவாங்க? நான் தடுத்தேன்னு எங்க எழுதியிருக்கு? தட்டினது என் கை, எழுதியிருக்கிறது உங்க பேரு. எனக்குன்னு அதுல ஒரு எழுத்துகூட இல்ல, ஐயா.”

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படி நிற்க வைத்ததில்லை. வெளியே போய் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அந்த மடித்த தாளை வாங்கிக் கிழித்தேன். இன்னொரு தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அவளையே எழுதச் சொன்னேன். சோதனை செய்யாத வண்டிக்கு டிக் போடச் சொன்னது நான். எழுத்தர் தடுத்துச் சொல்லியும் கேட்காமல் நான்தான் சொன்னேன். ‘தடுத்துச் சொல்லியும்’ என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. எழுது என்றேன். கீழே கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை வால் வைக்கவில்லை. முதலில் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

ஃபிட்டருக்கு இது பிடிக்கவில்லை. முதலாளி தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று ஷெட்டெல்லாம் பேச்சு. கம்பெனிக்காரர்கள் அந்த வண்டியை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். மற்றவற்றுக்கு லோடு கொடுத்தார்கள், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, டேட்டாபேஸில் எழுதுகிற ஒவ்வொருவர் பேரும் தனியாகத் தெரிய வேண்டும். மற்றொன்று, நான் ஒரு நாள் முழுவதும் அவர்களுடைய பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். முதல் நிபந்தனை சுலபம். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்த ஒரே ஆள் அந்தச் சின்ன வயசு அதிகாரிதான். என் டிரைவர்கள் ஆறு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதையும் சாதித்தேன்.

பொறியாளர் புது ஏற்பாட்டைப் போட ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். இப்போது சர்வர் டேட்டாபேஸின் வாசலில் போய் நின்றால் இரண்டையும் காட்ட வேண்டும். நான் இந்த ஷெட்டின் சர்வர்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ், அது ஆர்.சி. இந்த வேலையை இன்னாருக்காகக் கொண்டுவந்திருக்கிறேன் என்று தட்டினவர் பேர், அது லைசன்ஸ். லைசன்ஸிலும் பிரிவு உண்டு. ஃபிட்டர் பேரில் போனால் சோதனை டிக் போடலாம், லோடு விவரத்தைத் தொட முடியாது. அவள் பேரில் போனால் லோடு எழுதலாம், சோதனை டிக் போட முடியாது. முடியாது என்று சொல்வது ஆபீஸ் திரை அல்ல, டேட்டாபேஸே சொல்லும்.

ஒத்திகை பார்த்த அன்று ஒரு கூத்து. சர்வர் டேட்டாபேஸுக்குப் பத்து இணைப்பை எப்போதும் திறந்தே வைத்திருக்குமாம், யார் வந்தாலும் காலியாக இருக்கிற ஒன்றில் ஏற்றிவிடுமாம். முதலில் ஃபிட்டர் ஒரு டிக் போட்டார். அடுத்து அவள் ஒரு லோடு எழுதினாள், டேட்டாபேஸ் முடியாது என்றது. ஏனென்று பார்த்தால் அவள் எழுதியதுகூட ஃபிட்டர் பேரிலேயே போயிருக்கிறது. எல்லாரும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, நான்தான் சொன்னேன், முன்னால் ஓட்டினவன் லைசன்ஸைக் கேபினிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டான் என்று. பொறியாளர் நெற்றியில் தட்டிக்கொண்டார். ஒவ்வொருவர் வேலை முடிந்ததும் அந்த இணைப்பிலிருந்து பேரைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரை ஏற்ற வேண்டும், அதை விட்டுவிட்டேன் என்று அங்கேயே சரிசெய்தார். ஐந்தாம் வகுப்புக்காரன் கண்டுபிடித்தது. இதை நான் எங்கு போனாலும் சொல்கிறேன்.

இந்தத் தைக்கு முன்னால் ஒரு நாள். நாமக்கல்லில் ஒரு வேலையாக இருந்தேன். வண்டி ஒன்று லோடுக்கு நிற்கிறது, ஃபிட்டருக்குக் காய்ச்சல், வரவில்லை என்று டிரைவர் கூப்பிட்டுச் சொன்னான். பண்டிகை நேரம், வண்டி நின்றால் எனக்குக் கை பரபரக்கும். ஆபீசுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை யார் பேசுவது என்று கேட்டேன். அவள்தான். வழக்கமான வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, வெளியிலும் வந்துவிட்டது.

“போடறதுக்கு எனக்கு வழியில்ல, ஐயா. என் பேர்ல போனா டேட்டாபேஸ் விடாது. ஃபிட்டர் இல்லன்னா நீங்கதான் போடணும், உங்க பேர்ல, நீங்களே வந்து.”

குரலில் பயம் இல்லை. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. காரைத் திருப்பினேன்.

ஆபீசில் என் பேரைப் போட்டேன். போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் போட்டேன். திரையில் அந்த வண்டி நம்பர் வந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அழுத்தினால் என் பேர் விழும். முன்பு ஆயிரக்கணக்கில் விழுந்த அதே பேர்தான். விரலை மவுஸ் மேல் வைத்தபடி இருந்தேன், அழுத்த வரவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபத்தெட்டு வயசில் டேங்கருக்கு அடியில் தவழ்ந்து போய், டிரைவரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கேபிளை இழுக்கச் சொன்னேன். டக்கென்று வால்வு மூடியது. இன்னொரு தடவை இழு என்றேன். அப்போதும் மூடியது. மனசு ஆறாமல் மூன்றாவது தடவையும் இழுக்கச் சொன்னேன்.

திரும்பி வந்து கட்டத்தில் அழுத்தினேன். என் பேர் விழுந்தது. வண்டி கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டதும் நானும் எழுந்து கிளம்பினேன்.

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “ஐயா, மவுஸெல்லாம் கிரீஸ். துடைச்சுட்டுப் போங்க.”